பொலிஸ் வேறு, போலீஸ் வேறு

“மாமா, ஏதென்ஸ் போலீசும் ஸ்பார்ட்டா போலீசும் இருபத்தேழு வருசம் சண்டை போட்டாங்களாம். அந்த ஊரு ராணுவம் என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?”

குலாயில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் தேநீர் வருவதற்கு முன்பே அக்கா மகளின் பாடப் புத்தகம் வந்துவிடும். இவ்வாண்டு அவள் படிவம் ஒன்று. சரித்திரப் பாடத்தில் கிரேக்க நாகரிகம் நடக்கிறது. அவள் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பிள்ளை மீது ஒரு குற்றமும் இல்லை. மலாய் மொழிப் பாடநூலில் கிரேக்க நகர அரசுக்கு எழுதியிருக்கும் அதே ஐந்து எழுத்துகள்தாம் ஜொகூர் பாரு சாலைகளில் ஓடும் ரோந்துக் கார்களின் கதவிலும் இருக்கின்றன. வாசிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை குறைவு. கிரேக்கச் சொல் குறிலில் தொடங்கும் ‘பொலிஸ்’. நாம் பயந்து ஒதுங்கி நிற்பது நெடிலில் தொடங்கும் ‘போலீஸ்’. (இலங்கைத் தமிழ் நாளேடுகள் காவல் துறையைப் ‘பொலிஸ்’ என்றே எழுதுகின்றன. அங்கே நம் நெடில் உதவாது.)

ஆனால் அவள் கேள்வி அப்படியொன்றும் அசட்டுத்தனமானதல்ல. இரண்டு சொல்லும் உறவுக்காரச் சொற்கள்தாம். பொலிஸ் என்ற சொல்லிலிருந்து குடிமக்களின் ஆட்சிமுறையைக் குறிக்கும் ‘பொலித்தெயா’ பிறந்தது. அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்குப் போய், ‘ஊரை ஒழுங்காக நிர்வகிப்பது’ என்ற பொருளில் தங்கி, பிறகு அந்த ஒழுங்கைக் காக்கும் சீருடைக்காரர்களின் பெயராகச் சுருங்கி, ஆங்கிலம் வழியாக மலாய்க்கும் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. 1829-இல் லண்டனில் அமைக்கப்பட்ட காவல் படைக்கு ‘மெட்ரோபொலிட்டன் போலீஸ்’ என்று பெயர். ஒரே பெயரில் பொலிஸ் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறது! மெட்ரோபொலிஸ் என்றால் தாய் நகரம்.

இதில் வேடிக்கை, அந்தச் சொல்லைப் பெற்ற ஏதென்சில் நாம் நினைக்கிற மாதிரி போலீஸ் கிடையாது. கூட்டங்களில் ஒழுங்கு காக்கவும் ஆட்களைப் பிடிக்கவும் ஸ்கித்திய வில்லாளிகள் என்றொரு கூட்டத்தை வைத்திருந்தார்கள். அவர்கள் அரசுக்குச் சொந்தமான அடிமைகள். இன்றைய கிரேக்க நாட்டிலும் காவல் துறைக்குப் போலீஸ் என்று பெயரில்லை. அங்கே அது ‘அஸ்தினோமியா’. இந்த ‘அஸ்தி’ நம் அஸ்தி அல்ல. வீடு, தெரு, கடை என்று கண்ணுக்குத் தெரியும் நகரத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர். நகரத்துக்கு அப்படியொரு சொல் இருக்கும்போது பொலிஸ் எதற்கு என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பொலிஸ் முதலில் ஒரு கோட்டை. மேட்டில் கட்டிய காவல் அரண். எதிரி வந்தால் சுற்றுப்புறத்து மக்கள் ஓடி வந்து ஒளிந்துகொள்ளும் இடம். ஏதென்சின் அக்ரோபொலிஸ் குன்றைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பழைய ஏதென்ஸ்வாசிகள் அந்தக் குன்றை வெறுமனே ‘பொலிஸ்’ என்றே அழைத்து வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் குறித்திருக்கிறார். பின்னால் குன்றைச் சுற்றி வளர்ந்த ஊர் முழுவதும் பொலிஸ் ஆனதும், குன்றைத் தனித்துக் காட்ட ‘அக்ரோ’ சேர்ந்தது. அக்ரோ என்றால் உச்சி, உயரம். ஆக, அக்ரோபொலிஸ் என்பது உயரத்தில் உள்ள கோட்டை.

இதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. நாற்பது வருடங்களாக நான் போய் வரும் ஓர் ஊரின் பெயர் அதுதான். கோத்தா திங்கி! கோத்தா என்றால் கோட்டை, திங்கி என்றால் உயரம். என் பாட்டி பிறந்த தோட்டம் கோத்தா திங்கி பக்கம். நீர்வீழ்ச்சிக்கும் மின்மினிப் பூச்சிகளுக்கும் பெயர்போன அந்த ஊரும் ஏதென்சின் குன்றும் பொருளில் ஒரே பெயர் தாங்கியவை.

‘கோத்தா’ நம் கோட்டைதான் என்பது கேட்டவுடனே தெரிகிறது. சமஸ்கிருதம் வழியாக மலாய்க்குப் போன சொல் அது. சமஸ்கிருதத்துக்கே அது திராவிட மொழிகளிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஸ்துலாங் துறையிலிருந்து பெர்ரி ஏறிப் பாத்தாம் போய்ப் பாருங்கள். இந்தோனேசிய மொழியில் கோத்தா என்றால் கோட்டை மட்டுமல்ல, நகரம். கோட்டை என்ற சொல் கடலைக் கடப்பதற்குள் நகரமாகிவிட்டது. கிரேக்கத்தில் பொலிசுக்கு நடந்ததும் இதே மாற்றம்தான்.

பொலிசுக்கு நம் பக்கத்தில் இரத்த உறவே உண்டு. சமஸ்கிருதத்தில் ‘புர்’ என்றால் அரண், மதில் சூழ்ந்த இடம். லித்துவேனிய மொழியில் ‘பிலிஸ்’ என்றால் கோட்டை. மூன்றும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் புர்தான் காஞ்சிபுரத்தின் புரம். பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் சிங்கப்பூரின் பூரும் அதுதான். கோட்டை என்ற பழைய பொருள் தமிழில் இன்னும் மறையவில்லை. சிவபெருமான் எரித்த முப்புரம் என்ன? பொன், வெள்ளி, இரும்பு மதில்கள் கொண்ட மூன்று பறக்கும் கோட்டைகள். அரசியர் வாழ்ந்த அந்தப்புரம்? மதிலுக்கு உள்ளே உள்ள பகுதி. லிபியாவின் தலைநகர் திரிப்போலி என்று செய்தியில் படிக்கிறோமே, கிரேக்கத்தில் அது ‘திரி பொலிஸ்’. மூன்று நகரங்கள். முப்புரம் என்று மொழிபெயர்த்தால் வேரோடு பொருந்தும்.

இந்த இடத்தில் அக்கா மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அப்போ ஜொகூர் பாருவுக்கு கிரேக்கத்துல என்ன மாமா?” என்றாள். அதுவும் சுலபம். தஞ்சோங் புத்திரியாக இருந்த ஊருக்கு 1866-இல் சுல்தான் அபு பாக்கார் ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். பாரு என்றால் புதிய. புது நகரத்துக்குக் கிரேக்கத்தில் ‘நெயா பொலிஸ்’. இத்தாலியின் நேப்பிள்சும் பாலஸ்தீனத்தின் நாப்லுசும் அந்தப் பெயர் தேய்ந்து வந்தவை. இஸ்கண்டார் புத்திரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இஸ்கண்டார் என்பது அலெக்சாண்டர் என்ற கிரேக்கப் பெயரின் கிழக்கத்திய உச்சரிப்பு.

இனி மதிலைத் தாண்டி உள்ளே போவோம். கோட்டையாக இருந்த சொல் ஊராகி, அதன்பின் இன்னொரு படி ஏறியது. பொலிஸ் என்றால் அங்குள்ள மக்கள் என்று ஆனது. இடத்தைக் குறிக்க அஸ்தி இருக்கிறது. ஒன்றுகூடி முடிவெடுக்கும் குடிமக்கள் கூட்டத்துக்குப் பெயர் பொலிஸ். ஏதென்சின் பழைய வெள்ளிக்காசில் ஆந்தைக்குப் பக்கத்தில் மூன்று எழுத்துகள் இருக்கும். அவை ஊர்ப் பெயரின் சுருக்கம் அல்ல, ‘ஏதென்ஸ்காரர்களுடையது’ என்பதன் சுருக்கம். காசு அடித்தது நிலமல்ல, ஆட்கள்.

கிறிஸ்துவுக்கு முன் 480-இல் இதற்கு ஒரு சோதனை வந்தது. பாரசீகப் படை வருகிறது என்றதும் ஏதென்ஸ்வாசிகள் ஊரையே காலி செய்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் தீவுகளுக்கும் அனுப்பிவிட்டு ஆண்கள் கப்பல் ஏறினார்கள். பாரசீகர்கள் அக்ரோபொலிசைக் கொளுத்தினார்கள். நேச நாட்டுத் தளபதிகளின் ஆலோசனையில், ஊரே இல்லாதவன் பேசக்கூடாது என்று கொரிந்து நகரத் தளபதி கேலி செய்தாராம். ஆட்கள் நிறைந்த 200 கப்பல்கள் இருக்கும் வரை உங்களுடையதைவிடப் பெரிய ஊர் எங்களுக்கு உண்டு என்று ஏதென்சின் தெமிஸ்டோக்ளிஸ் திருப்பிக் கொடுத்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். சலாமிஸ் நீரிணையில் அந்தக் கப்பல்கள்தாம் வென்றன. சாம்பலாய்க் கிடந்த இடத்துக்கு ஏதென்ஸ் திரும்பி வந்தது.

இது நமக்குப் புதிய எண்ணமா? ஊர் சிரிக்கும் என்று அம்மா சொல்கிறார். எந்த ஊர் சிரிக்கிறது? சாலையா, கட்டடமா? ஊர் கூடித் தேர் இழுக்கிறோம், ஊர் வாயை மூட முடியாது என்கிறோம். தமிழில் ஊர் என்பது இடமும் மக்களும் சேர்ந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இது இன்னும் தெளிவு. அங்கே ‘ஊர்’ என்பது கிராமத்து நிலக்காரர்கள் கூடி முடிவெடுத்த அவையின் பெயர். ‘நகரம்’ என்பது வணிகர்கள் கூடிய அவையின் பெயர். ஊர் கூடியது, நகரம் முடிவு செய்தது என்றால் அது உருவகம் அல்ல, நடந்த நிகழ்ச்சி. அதே நகரம் கடல் கடந்து மலாய்க்கு வந்து ‘நெகாரா’ ஆகி நாட்டைக் குறிக்கிறது, ‘நெகெரி’ ஆகி மாநிலத்தைக் குறிக்கிறது. நகரத்தையும் அரசையும் ஒரே சொல்லில் அடக்கிய கிரேக்கருக்கு இதைச் சொன்னால் உடனே புரிந்திருக்கும்.

அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் விடையை நிரப்பி முடித்துவிட்டு நான் எழுந்திருக்கலாம். பொலிஸ் என்றால் நகர அரசு, மதிப்பெண் ஒன்று. ஆனால் அவள் விடவில்லை. “அங்க இருக்கிற எல்லாரும் அதுல சேர்த்திதானே மாமா?” என்றாள்.

இல்லை, கண்ணு. அங்கேதான் சிக்கல்.

ஏதென்சில் குடிமகன் என்றால் வயது வந்த ஆண்; அதிலும் குடிமகனுக்குப் பிறந்தவன். கிறிஸ்துவுக்கு முன் 451-இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டம் தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருக்க வேண்டும் என்றது. (பின்னாளில் அவருக்கு மிலேத்தஸ் ஊர்ப் பெண் அஸ்பேசியாவிடம் ஒரு மகன் பிறந்தான். அவர் போட்ட சட்டப்படி அவர் பிள்ளையே குடிமகன் இல்லை. மூத்த மகன்கள் இருவரும் கொள்ளை நோயில் இறந்த பிறகு, அவருக்காக மக்கள் அந்த ஒருவனுக்கு விலக்கு அளித்தார்கள். பெரிய இடத்துப் பிள்ளைக்குக் கிடைத்த விலக்கு.) பெண்களுக்கு அவையில் இடமில்லை. அடிமைகளுக்குப் பேச்சே இல்லை.

இவர்களுக்கு நடுவில் ஒரு கூட்டம் இருந்தது. ‘மெதோய்க்கோஸ்’ என்று பெயர். வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவர்கள், அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வேலை செய்யலாம், கடை வைக்கலாம், ஆண்டுக்கு 12 திராக்மா தலைவரி கட்ட வேண்டும், போர் வந்தால் படைக்கும் போக வேண்டும். நிலமும் வீடும் சொந்தமாக வாங்கத் தனி அனுமதி வேண்டும். அவையில் கை தூக்க முடியாது. எத்தனை தலைமுறை ஆனாலும் அப்படித்தான். மனிதன் இயல்பிலேயே பொலிசில் வாழும் உயிர் என்று எழுதிய அரிஸ்டாட்டில் ஏதென்சில் இந்த வகைக்காரர். ஸ்டாகிரா என்ற ஊரில் பிறந்தவர். குடிமகன் என்றால் யார் என்று பக்கம் பக்கமாக ஆராய்ந்தவருக்குத் தான் பாடம் நடத்திய நகரத்தில் ஓட்டு இல்லை.

ஏதென்சை மட்டும் குறை சொல்ல வேண்டாம். குடவோலைத் தேர்தல் என்று நாம் பெருமையோடு சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்பது உண்மை. ஏதென்சிலும் சீட்டுக் குலுக்கித்தான் பதவிக்கு ஆள் எடுத்தார்கள். ஆனால் அந்தக் குடத்துக்குள் ஓலையாகப் போகவே வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். அந்த நிலத்தில் குனிந்து நட்டவர்களின் பெயர் குடத்துக்குள் போகவில்லை.

மெதோய்க்கோசைப் பற்றிச் சொன்னதும் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “நம்ம பாட்டி மாதிரின்னு சொல்லேன்” என்றார்.

எங்கள் பாட்டி, அதாவது அம்மாவைப் பெற்றவர், கோத்தா திங்கி பக்கத்துத் தோட்டத்து லயத்தில் சுதந்திரத்துக்கு ஏறக்குறைய இருபது வருடங்கள் முன்னால் பிறந்தவர். பிறப்புக்கு அத்தாட்சி ஒன்றும் இல்லை. 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, அந்த நாளிலோ அதன் பிறகோ இங்கே பிறந்தவர்கள் அன்றைய சட்டப்படி தாமாகவே குடிமக்கள். அதற்கு முன் பிறந்தவர்களில் பாட்டியைப் போன்றவர்கள் விண்ணப்பித்துப் பதிய வேண்டியிருந்தது. தாத்தா பதிந்துகொண்டார். தோட்டத்துக்கு எழுத வந்த நாளில் பாட்டி பிரசவத்துக்குப் போயிருந்தாராம். வீட்டுக்காரர் பெயர் இருந்தால் போதாதா என்று அப்போது நினைத்ததாகச் சொல்வார். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று ஆனபோதுதான் அந்தத் தாளின் எடை தெரிந்தது. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் அக்காலத்தில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பாட்டியின் லயத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடு காலியானது. ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போன அம்மிக்கல் வெகுநாள் எங்கள் வீட்டில் இருந்தது.

பாட்டிக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி. பால்மரம் வெட்டினார், ஆறு பிள்ளைகளை வளர்த்தார். ஆறு பேரும் நீல அட்டை. நீல அட்டைக்குப் பாட்டி விண்ணப்பித்தது எனக்குத் தெரிந்தே மூன்று முறை. எங்கே பிறந்தாய் என்றதற்குக் காட்டத் தாள் இல்லை. மலாயில் கேள்வி கேட்டபோது சந்தை மலாயில் பதில் சொன்னார். அறுபது ஆண்டு மீன்காரரிடம் பேரம் பேசிய மலாய் அந்த அறைக்குள் போதவில்லை. சிங்கப்பூரில் இருந்த தங்கையைப் பார்க்க முன்பெல்லாம் பேருந்து ஏறிப் பாலத்தைக் கடந்து போய் வந்தவர், 1967-இல் கடவுச்சீட்டுச் சோதனை வந்த பிறகு போகவே இல்லை. ஜொகூர் பாரு கடற்கரையில் நின்று பார்த்தால் அக்கரைக் கட்டடங்களின் ஜன்னல்கள் தெரியும். “அங்கனதான் இருக்கா” என்று கை காட்டுவார்.

தோட்டமும் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை இடித்துவிட்டார்கள். ஆனால் கோயில் திருவிழாவுக்கு மாசாய், உலு திராம், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து, “நம்ம தோட்டத்து ஆளு” என்று அறிமுகம் செய்துகொள்கிறார்கள். தெமிஸ்டோக்ளிஸ் சொன்னதை நான் முதலில் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் திருவிழாப் பந்தல்தான். பாட்டி அங்கே முதல் வரிசையில் உட்காருவார். முதல் தீபாராதனைத் தட்டு அவரிடம்தான் வரும். அந்த ஊரில் அவருக்கு எந்த அட்டையும் கேட்கவில்லை.

ஏதென்சில் ஒரு பையனுக்குப் பதினெட்டு வயது ஆனதும் அவனை அவனுடைய வட்டாரத்தார் முன் நிறுத்துவார்கள். வயது சரியா, குடிமகனுக்குப் பிறந்தவனா என்று அவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். தேறினால் பெயர் ஏட்டில் ஏறும். அன்றிலிருந்து பொலிசில் அவனும் ஒருவன். நம் நாட்டில் இப்போது பதினெட்டு வயதில் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. அந்த மாற்றத்துக்குப் பிறகு நடந்த முதல் தேர்தல் நம் மாநிலத்தில்தான், 2022 மார்ச் 12-இல், ஜொகூர் சட்டமன்றத் தேர்தல். அக்கா மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வாக்களித்துவிட்டு நேராகப் பாட்டியைப் பார்க்க வந்தான். கண் பார்வை மங்கியிருந்த பாட்டி, அவன் இடக்கையைப் பிடித்து இழுத்து, மை தீட்டிய விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார். யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை.

“இது சோப்புப் போட்டாப் போயிடுமாய்யா?” என்று கேட்டார். ஒரு வாரத்துக்குப் போகாது பெரிய பாட்டி என்றான் அவன்.